இரண்டு பேருக்கும் உடம்பெல்லாம் வியர்வை. ஒருவருக்கு அட்ரோபின், இன்னொருவருக்குக் கூடவே கூடாது. ஏன்?

ஜிஎன்எம்_இரண்டாமாண்டு:

எல்லோருக்கும் வணக்கம். ஜி.என்.எம். நர்ஸிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்போது ஒரு அரசு மருத்துவமனையில் கேஷுவாலிட்டி (அவசர சிகிச்சைப் பிரிவு) போஸ்டிங். தன்னியக்க நரம்பு மண்டலம் (இதயம், குடல், சுரப்பிகளைத் தானாக இயக்கும் நரம்புகள்) பாடத்தை, சிம்பதெடிக் என்றால் சண்டை, ஓட்டம். பாராசிம்பதெடிக் என்றால் ஓய்வு, செரிமானம் என்று இரண்டு பத்தியாகக் கோடு போட்டு மனப்பாடம் பண்ணித் தேர்வும் எழுதிவிட்டேன். போன வாரம் நைட் டியூட்டியில் வந்த இரண்டு கேஸ் அந்த இரண்டு பத்தியையும் குழப்பிவிட்டன.

முதல் ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். காலையிலிருந்து பருத்திக்கு மருந்து அடித்திருக்கிறார். முதுகில் மாட்டிய டேங்க் கசிந்து சட்டை நனைந்தும் கழற்றாமல் வேலையை முடித்திருக்கிறார். சாயங்காலம் வாந்தி, வயிற்றுப்போக்கு. கொண்டுவந்தபோது வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. கண்மணி குண்டூசி முனை அளவு. தொட்ட இடமெல்லாம் வியர்வை. ஸ்டெத் வைத்தால் நெஞ்சு முழுக்கக் கரகரவென்று சத்தம். டியூட்டி டாக்டர் அட்ரோபின் ஊசிமருந்து மூன்று ஆம்பியூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி) போடச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து ஆறு. அப்புறம் பன்னிரண்டு! ட்ரே முழுக்க உடைத்த ஆம்பியூல்தான்.

அதே இரவு ஆறு வயதுப் பையன் ஒருவன் வந்தான். பாயில் படுத்திருந்தவனைத் தேள் கொட்டியிருக்கிறது. சிவப்பாக இருந்தது என்று அவன் அப்பா சொன்னார். அவனுக்கும் வாந்தி, அவனுக்கும் தலையிலிருந்து தண்ணீர் ஊற்றிய மாதிரி வியர்வை. கொஞ்ச நேரத்தில் அவன் நெஞ்சிலும் அடிப்பக்கம் சத்தம். "அட்ரோபின் எடுக்கட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன். "அதைத் தொடவே தொடாதே" என்று சொல்லிவிட்டு, பிரசோசின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொன்னார். எங்கள் தாத்தா சிறுநீர்ப் பிரச்சினைக்குப் போடுகிற மாத்திரை அது!

கேள்வி இதுதான். இரண்டு பேரும் நனைந்து கிடந்தார்கள், இரண்டு பேருக்கும் நெஞ்சில் நீர். ஏன் ஒருவருக்கு அட்ரோபின், இன்னொருவருக்கு இல்லை? இன்னொன்று: வியர்வை சிம்பதெடிக் வேலை என்று புத்தகத்தில் இருக்கிறது. பூச்சிமருந்தில் வருவதெல்லாம் பாராசிம்பதெடிக் குறி. அப்படியானால் மருந்து அடித்தவருக்கு ஏன் வியர்த்தது? டாக்டரிடம் கேட்க நேரம் வாய்க்கவில்லை.

கேஷுவாலிட்டி_சிஸ்டர்:

பாப்பா, நல்ல கேள்வி. நான் பாதி சர்வீஸை கேஷுவாலிட்டியிலேயே கழித்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

அந்த இரண்டு பத்திப் பட்டியலை முதலில் மூடி வை. அது தப்பில்லை, ஆனால் வார்டில் பாதி வழியில் கைவிட்டுவிடும். மருந்துக்கு இது சிம்பதெடிக் நரம்பு, இது பாராசிம்பதெடிக் நரம்பு என்றெல்லாம் தெரியாது. நரம்பின் நுனியில் எந்த ரசாயனம் கொட்டுகிறது, அதை வாங்கிக்கொள்ளும் இடம், அதாவது ஏற்பி, எது என்பதுதான் மருந்துக்கு வேலை.

நரம்பு மட்டும் போதும், ரசாயனம் எதற்கு என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் ஓட்டோ லோவி என்பவர் இரண்டு தவளை இதயங்களை உப்புநீரில் துடிக்கவிட்டார். ஒன்றின் வேகஸ் நரம்பை (இதயத்தை மெதுவாக்கும் பாராசிம்பதெடிக் நரம்பு) மின்சாரத்தால் தூண்டினார், அது மெதுவானது. அது கிடந்த நீரை எடுத்து இன்னொரு இதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவானது. இரண்டாவதை யாரும் தொடக்கூட இல்லை! 1921-இல் வெளியிட்டார். அந்த நீரில் இருந்தது அசிட்டைல்கோலின் என்று பின்னால் உறுதியானது. 1936-இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் சேர்த்து நோபல் பரிசு. அட்ரோபின் ஏன் வேலை செய்கிறது என்பதற்கான அஸ்திவாரம் அந்த உப்புநீர்தான்.

இப்போது வயரிங். மூளைத்தண்டிலிருந்தோ தண்டுவடத்திலிருந்தோ உறுப்புவரை இரண்டு நரம்புகள் தொடர்ச்சியாகப் போகின்றன. நடுவில் ஒரு நரம்பு முடிச்சு. முதல் நரம்பு, அந்த முடிச்சில் கொட்டுவது இரண்டு பிரிவிலும் அசிட்டைல்கோலின்தான். அங்கே வாங்கிக்கொள்வது நிகோடினிக் ஏற்பி. இரண்டாவது நரம்பு உறுப்பில் கொட்டுவதில்தான் வித்தியாசம். பாராசிம்பதெடிக் என்றால் மறுபடியும் அசிட்டைல்கோலின், ஆனால் ஏற்பி மஸ்கரினிக். சிம்பதெடிக் என்றால் நார்அட்ரினலின், ஏற்பி ஆல்பா அல்லது பீட்டா.

இதில் ஒரு குறும்பு இருக்கிறது. வியர்வைச் சுரப்பிக்குப் போவது சிம்பதெடிக் நரம்புதான், ஆனால் அதன் நுனியில் கொட்டுவது நார்அட்ரினலின் இல்லை, அசிட்டைல்கோலின். ஏற்பியும் மஸ்கரினிக். உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கேயே வந்துவிட்டது. அசிட்டைல்கோலினைத் தேங்கவைக்கும் விஷம் எதுவானாலும் வியர்வையைக் கொட்டவைக்கும், நரம்பு எந்தப் பிரிவு என்று பார்க்காது.

சரி, பருத்திக்காரர். ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் (குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், டைமெதோயேட் எல்லாம் இந்தக் குடும்பம்) நரம்பைத் தூண்டுவதே இல்லை. கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியைத்தான் அவை முடக்குகின்றன. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள். அசிட்டைல்கோலின் விருந்தாளி. உட்கார்ந்து சாப்பிட்டதும் எழுப்பி அனுப்புகிறவர் கோலினெஸ்டெரேஸ். பூச்சிமருந்து அவர் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. எழுந்தவர் மறுபடி உட்காருகிறார், வாசலில் புதுக்கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது, பரிமாறுவது நிற்கவே இல்லை. அட்ரோபின் என்ன செய்யும்? வெறுமனே பந்தியில் இடம்பிடித்து உட்கார்ந்துகொள்ளும், சாப்பிடாது. கூட்டத்துக்குத் தகுந்த ஆளை அனுப்பினால்தான் இடம் பிடிக்க முடியும். நம் ஊர் ஆம்பியூலில் 0.6 மில்லிகிராம்தான். மூன்று போட்டால் 1.8. அடங்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. உங்கள் டாக்டர் செய்தது அதுதான், சரியாகச் செய்திருக்கிறார்.

முன்பெல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே அளவாகப் போட்டுக்கொண்டே இருப்போம். 2012-இல் வங்கதேசத்தின் சிட்டகாங் மருத்துவர்கள் இரண்டு முறையையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். பழைய முறையில் இறந்தவர்கள் நூற்றுக்கு 22.5, இரட்டிப்பாக்கிப் பிறகு ட்ரிப்பில் ஓட்டிய முறையில் நூற்றுக்கு 8. மருந்து அதே அட்ரோபின். போடும் வேகம் மட்டும்தான் மாறியது.

எப்போது நிறுத்துவது என்பதற்குக் கண்ணைப் பார்க்காதே. கண்மணி சாவகாசமாகத்தான் விரியும். அக்குளுக்குள் விரலை விடு. காய்ந்திருக்கிறதா? நெஞ்சில் கரகரப்பு அடங்கிவிட்டதா? நாடித்துடிப்பு 80-க்கு மேல், பி.பி. மேல் அளவு 80-க்கு மேல் இருக்கிறதா? இவைதான் இலக்கு. புது ஸ்டாஃப் வந்தால் நான் முதலில் காட்டுவது அக்குளைத்தான். முகம் சுளிப்பார்கள். காய்ந்த அக்குளுக்கு ஒரு சொரசொரப்பு உண்டு, ஒருமுறை தொட்டால் கை மறக்காது.

இன்னொன்றும் கவனித்திருப்பாய். தொடையில், கன்னத்தில் தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி துடிப்பு. அட்ரோபின் எவ்வளவு போட்டாலும் அது நிற்காது. எலும்புத் தசையில் இருப்பது நிகோடினிக் ஏற்பி. அட்ரோபினுக்கு அங்கே இடமே இல்லை.

சட்டையைக் கழற்றினீர்களா? கேட்டே ஆகவேண்டும். இந்தப் பூச்சிமருந்து தோல் வழியாக ஏறும். நனைந்த சட்டை உடம்பில் இருக்கும்வரை விஷம் ஏறிக்கொண்டே இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, துணியைக் கழற்றிக் கவரில் கட்டி, தலைமுடி, நகக்கண் உட்பட சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். கூடவே மருந்துப் பாட்டிலை எடுத்துவரச் சொல்லவேண்டும். எல்லாப் பூச்சிமருந்துக்கும் அட்ரோபின் இல்லை. களைக்கொல்லி பாராகுவாட் என்றால் கதையே வேறு.

இப்போது தேள் கொட்டிய பையன். செந்தேளின் விஷம் நொதியைத் தொடுவதில்லை, நரம்பையே பிடிக்கிறது. நரம்பில் சோடியம் நுழையும் வாசல் திறந்தால் உடனே மூடவேண்டும். விஷம் அதை மூடவிடுவதில்லை. அதனால் தன்னியக்க நரம்புகள் இரண்டு பிரிவும் ஒரே சமயத்தில் கத்த ஆரம்பிக்கின்றன. ஆரம்பத்தில் அசிட்டைல்கோலின் பக்கம் தெரியும்: வாந்தி, எச்சில், வியர்வை. அது கொஞ்ச நேரம்தான். அதன் பிறகு சிம்பதெடிக் நுனிகளும் அட்ரினல் சுரப்பியும் நார்அட்ரினலினையும் அட்ரினலினையும் கொட்டித் தீர்க்கின்றன. அந்தப் பையனின் உள்ளங்கையைத் தொட்டாயா? ஐஸ் மாதிரி இருந்திருக்கும். பருத்திக்காரரின் கை அப்படிச் சில்லிட்டிருக்காது. என் அனுபவத்தில் கேஷுவாலிட்டி வாசலிலேயே இரண்டையும் பிரித்துக் காட்டுவது கண்மணிக்கு அடுத்து இந்தக் கைதான்.

கை ஏன் சில்லிடுகிறது? ஆல்பா ஏற்பி வழியாக ரத்தக்குழாய்கள் எல்லாம் சுருங்கிவிட்டன. பி.பி. ஏறுகிறது. இதயம் அந்தச் சுருங்கிய குழாய்களை எதிர்த்து 150, 160 என்று அடித்து அடித்துக் களைக்கிறது. அட்ரினலின் வெள்ளம் இதயத் தசையையும் தாக்குகிறது. பம்ப் தளர்ந்தால் பின்னால் நுரையீரலில் நீர் தேங்கும். நீ கேட்ட சத்தம் அதுதான். முற்றினால் இளஞ்சிவப்பு நுரையாக வாய் வழியே வரும்.

இதுதான் விஷயம், பாப்பா. இரண்டு நெஞ்சிலும் நீர், ஆனால் நீர் வந்த வழி வேறு. பருத்திக்காரருக்கு மூச்சுக்குழாய்ச் சுரப்பிகள் மஸ்கரினிக் தூண்டலில் சுரந்து தள்ளிய நீர். அட்ரோபின் அந்தச் சுரப்பியை அடைக்கும், நெஞ்சு காயும். பையனுக்கு இதயம் தள்ளமுடியாமல் தேங்கிய நீர். அங்கே அட்ரோபின் போட்டுச் சுரப்பியை அடைத்தாலும் அந்த நீர் குறையாது. இதயத்தை இழுத்துப் பிடித்திருக்கிற வேகஸ் கடிவாளத்தையும் அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகும். ஏற்கெனவே ஓடுகிற இதயம் இன்னும் ஓடும். டாக்டர் கத்தியதில் தப்பே இல்லை.

பிரசோசின் ஆல்பா ஏற்பியில் உட்காரும். குழாய்கள் தளரும், இதயத்தின் சுமை குறையும், நுரையீரல் வடியும். இதைக் கண்டுபிடித்தவர் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர் இல்லை. ஹிம்மத்ராவ் பாவஸ்கர், மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில் மகாட் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். தேள் கொட்டிய குழந்தைகள் நுரையீரலில் நீர் கோத்துச் சாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து, நாடி, பி.பி., கை கால் சூடு என்று மணிக்கணக்காகக் குறித்துவைத்தார். 1980-களில் பிரசோசின் கொடுக்க ஆரம்பித்தார். அதற்கு முன் கடுமையாக விஷம் ஏறியவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல்கூட இறந்தார்கள். பிறகு அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொஞ்சம் தாமதம் என்பது என் கருத்து. 2011-இல் அவரே, தேள் விஷமுறிவு மருந்தையும் பிரசோசினையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் தேறுகிறார்கள் என்றும் எழுதினார். அந்த விஷமுறிவு எல்லா ஊர் மருத்துவமனையிலும் இருக்காது. மாத்திரை இருக்கும்.

அளவு எடைக்குத் தகுந்தது: கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். பதினேழு கிலோ பையன் என்றால் கிட்டத்தட்ட அரை மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிகிராம் மாத்திரையில் பாதி. சாதாரண மாத்திரைதான் வேண்டும். மெதுவாகக் கரைகிற நீள்வகை மாத்திரையை உடைத்துக் கொடுக்கக்கூடாது. ஸ்டாக் அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அட்டையைப் படித்துவிட்டு எடு.

நர்ஸுக்கு இங்கே ஒரு பெரிய வேலை உண்டு. முதல் அளவு கொடுத்ததும் பி.பி. சட்டென்று விழலாம். பையனைப் படுத்த படுக்கையிலேயே வை. அவன் அழுவான், அம்மா தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளப் பார்ப்பாள். விடாதே. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அரைமணிக்கு ஒருமுறை பி.பி., நாடி, உள்ளங்கைச் சூடு. கை வெதுவெதுப்பானால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம்.

ஒன்று விட்டுவிட்டேன். தேள் கொட்டிய எல்லோருக்கும் இது இல்லை. கொட்டிய இடத்தில் உயிர் போகிற வலி, ஆனால் வியர்வை, வாந்தி, கை சில்லிப்பு எதுவும் இல்லை என்றால் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துக் கண்காணித்தால் போதும். வலியில் கத்தும் பிள்ளையைவிட, வலி இல்லாமல் நனைந்து சில்லிட்டுக் கிடக்கும் பிள்ளைதான் பயம்.

மருந்துக்கடை_கவுண்டர்:

தாத்தா மாத்திரை பற்றி நான் சொல்கிறேன். சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புரோஸ்டேட்டிலும் உள்ள மென்தசையில் அதே ஆல்பா ஏற்பி இருக்கிறது. பிரசோசின், டாம்சுலோசின் இரண்டும் அதைத் தளர்த்தும், சிறுநீர் சிரமமில்லாமல் இறங்கும். ரத்தக்குழாயும் கூடவே தளர்வதால்தான் ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தலைசுற்றி விழுகிறார்கள். டாம்சுலோசினில் அது குறைவு. வாங்க வருகிறவர்களிடம் படுக்கப் போகும்போது போடுங்கள், எழும்போது கட்டிலோரம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள் என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

இதே கணக்கில் நான் கவுண்டரில் அடிக்கடி பார்ப்பது சளி மாத்திரை. பல சளி மாத்திரைகளில் பினைல்எஃப்ரினும் குளோர்பெனிரமைனும் சேர்ந்து இருக்கும். பினைல்எஃப்ரின் ஆல்பாவைத் தூண்டும்: மூக்கில் ரத்தக்குழாயைச் சுருக்கி அடைப்பை விலக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள், ஆனால் சிறுநீர்ப்பையின் கழுத்தையும் இறுக்கும். குளோர்பெனிரமைனுக்குக் கொஞ்சம் அட்ரோபின் குணம் உண்டு: சிறுநீர்ப்பையின் சுவரைத் தளர்த்திவிடும். வாசல் இறுகி, தள்ளுகிற சுவரும் தளர்ந்தால்? புரோஸ்டேட் பெரியவர் மறுநாள் டியூப் போட ஓடவேண்டியதுதான். அறுபது தாண்டியவர் மூக்கடைப்புக்கு மாத்திரை கேட்டால் முதலில் "சிறுநீர் எப்படிப் போகிறது?" என்று கேட்பேன். சளிக்கு வந்தவனிடம் என்ன கேள்வி இது என்று முறைப்பார்கள்.

கண் சொட்டுமருந்தையும் சும்மா நினைக்காதீர்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டைமோலால் பீட்டா ஏற்பியை அடைக்கும். கண்ணில் விட்டது மூக்கு வழி இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். ஆஸ்துமாக்காரருக்கு இரண்டு சொட்டிலேயே இழுப்பு வரலாம். சால்பியூட்டமால் இன்ஹேலர் திறக்கிற கதவைத்தான் அது அடைக்கிறது.

பி.ஃபார்ம்_கடைசிவருடம்:

சிஸ்டர், ஒரு சந்தேகம். மஸ்கரினிக் தூண்டலில் இதயம் மெதுவாகவேண்டும். எங்கள் உறவினர் ஒருவருக்கு இதே பூச்சிமருந்துப் பாதிப்பு வந்தபோது நாடி 130 என்று எழுதியிருந்தது, கண்மணி மட்டும் சின்னது. 130-இல் அட்ரோபின் போட்டால் இன்னும் ஏறாதா? புத்தகப்படி அது பொருந்தவில்லையே. இன்னொன்று, பாம் (PAM) ஊசி எதற்கு என்று நீங்கள் சொல்லவே இல்லை.

கேஷுவாலிட்டி_சிஸ்டர்:

தம்பி, நரம்பு முடிச்சை மறந்துவிட்டீர்கள். அங்கேயும் அசிட்டைல்கோலின்தானே. தேங்கினால் சிம்பதெடிக் முடிச்சும் தூண்டப்படும், அட்ரினல் சுரப்பியும் தூண்டப்படும். அந்தச் சுரப்பிக்கு வரும் நரம்பும் அசிட்டைல்கோலின்தான் கொட்டும். அதனால் சிலருக்கு இதயம் வேகமாகும், கொஞ்சப் பேருக்குக் கண்மணி விரிந்துகூட இருக்கும். அதோடு நெஞ்சில் நீர் நிறைந்து ஆக்ஸிஜன் இல்லாமல் மூச்சுக்குத் திணறுகிறவனுக்கு இதயம் வேகமாகத்தானே அடிக்கும்? நெஞ்சு காய்ந்தால் அந்த 130 தானே இறங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நெஞ்சில் நீர் இருக்கும்போது வேகமான நாடியைக் காரணம் காட்டி அட்ரோபினை நிறுத்தக்கூடாது. ஆக்ஸிஜனை உடனே வை, அட்ரோபினையும் உடனே போடு.

பாம், அதாவது பிராலிடாக்ஸிம், முடங்கிய நொதியை விடுவிக்கிற மருந்து. பந்திக் கணக்கில் கட்டிய கையை அவிழ்ப்பது. தாமதித்தால் முடிச்சு இறுகிவிடும், அப்புறம் அவிழாது. காகிதத்தில் அழகாக இருக்கும். 2006-இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் அதிக அளவில் ட்ரிப்பாக ஓட்டிப் பலன் கண்டார்கள். 2009-இல் இலங்கையில் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை. நான் நர்ஸ், எழுதியதைப் போட்டிருக்கிறேன். அட்ரோபின் அளவுக்குக் கண்ணெதிரே மாற்றம் காட்டியது என்று என்னால் சொல்லமுடியாது.

நொதியை முடக்குவது எல்லாமே விஷம் என்றும் நினைக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்ததும் தசை தளர்த்தும் மருந்தின் பிடியை விடுவிக்க மயக்க டாக்டர் போடும் நியோஸ்டிக்மின் செய்வதும் அதே வேலைதான், அளவாக, கொஞ்ச நேரத்துக்கு. கூடவே அட்ரோபின் மாதிரியான கிளைகோபைரோலேட் சேர்த்துப் போடுவது எதற்கு? தசைக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் இதயத்தையும் எச்சில் சுரப்பியையும் தொந்தரவு செய்யாமல் இருக்க. ஆபரேஷன் தியேட்டரில் தினமும் நடக்கிறது, யாரும் பயப்படுவதில்லை.

ஜிஎன்எம்_இரண்டாமாண்டு:

அக்கா, இப்போது புரிகிறது. சட்டையைக் கழற்றிவிட்டோம், சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினோம். பையனுக்குக் காலையில் கை சூடாகிவிட்டது, மறுநாள் இட்லி சாப்பிட்டான்.

பருத்திக்காரர் பற்றி இன்னொன்று. அட்ரோபின் ட்ரிப் ஓடிக்கொண்டிருந்த மறுநாள் அவர் போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று காற்றில் எதையோ பொறுக்கினார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அவர் மனைவி, ஊமத்தங்காய் தின்றவன் மாதிரி பேசுகிறாரே என்று அழுதார். டாக்டர் வந்து ட்ரிப்பை நிறுத்திவிட்டார். விஷம் மூளைக்கு ஏறிவிட்டதா?

கேஷுவாலிட்டி_சிஸ்டர்:

அந்த அம்மாவைப் பாராட்டவேண்டும். டாக்டருக்கு முன்னாலேயே சரியாகச் சொல்லிவிட்டார். ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் அதன் பங்காளி ஹையோசினும்தான். பூச்சிமருந்து விஷம் இல்லை, நீங்கள் போட்ட அட்ரோபின் அளவு மிஞ்சியிருக்கிறது. வியர்வை அடைபட்டால் உடம்பின் சூடு வெளியேறாது, அதனால்தான் கொதிப்பு. குழப்பம், காற்றில் பொறுக்குவது, சிறுநீர் தேங்குவது, வயிற்றில் குடல் சத்தமே இல்லாமல் போவது எல்லாம் இதோடு வரும். அக்குள் காய்ந்ததும் மகிழ்ந்து போய்விடாதே. அங்கிருந்து வயிற்றுக்கு ஸ்டெத்தை நகர்த்து, அடிவயிற்றைத் தொட்டுப்பார், தெர்மாமீட்டரை வை. இந்த மாதிரி ஆனால் ட்ரிப்பை நிறுத்தி, அரைமணிக்கு ஒருமுறை பார்த்து, அடங்கியதும் முன்பு ஓடிய வேகத்தில் நூற்றுக்கு எழுபது, எண்பது அளவில் திரும்ப ஆரம்பிப்பது வழக்கம். ஒரேயடியாக நிறுத்தியே வைத்தால் நெஞ்சில் திரும்ப நீர் கோக்கும். ட்ரிப் நிற்கிற நேரத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சைக் கேள்.

அப்புறம், இது முக்கியம். பூச்சிமருந்து ஏறி ஒருநாளிலிருந்து நாலு நாளுக்குள் ஒரு கண்டம் இருக்கிறது. வியர்வை இல்லை, நெஞ்சு சுத்தம், ஆள் தெளிவாகப் பேசுகிறார், எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது தசைகள் தளர ஆரம்பிக்கும். நிகோடினிக் பக்கத்துச் சங்கதி, அட்ரோபினுக்கு இதில் வேலை இல்லை. 1987-இல் இலங்கை மருத்துவர்கள்தான் இதைத் தனியாகப் பிரித்து எழுதினார்கள். முதலில் போவது கழுத்து. ஒவ்வொரு தடவை பி.பி. பார்க்கும்போதும் "ஐயா, தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க" என்று சொல். தூக்கிப் பிடிக்க முடிகிறதா, கண்ணிமை தொங்குகிறதா, ஒரு மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று பார்த்து நோட்டில் நேரத்தோடு எழுது. காலையில் இருபது வரை எண்ணியவர் மதியம் பன்னிரண்டில் நின்றால் ஆக்ஸிஜன் அளவு நன்றாகத்தான் இருக்கிறது என்று காத்திருக்காதே, உடனே டாக்டரைக் கூப்பிடு. வென்டிலேட்டர் உங்கள் ஊரில் இல்லை என்றால் ஆம்புலன்ஸ் சொல்வதற்கும் அதுதான் நேரம். கழுத்து விழுந்தபின் மூச்சுத் தசை விழ அதிக நேரம் எடுக்காது.